கரி அள்ளிப் போடுவது யார்?

“ஸ்டீம்பங்க்” என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது கதைகள் அல்ல, படங்கள். பித்தளை விளிம்பு வைத்த பெரிய கண்ணாடி, உயரமான கறுப்புத் தொப்பி, அந்தத் தொப்பியின் மேல் எந்த வேலையும் செய்யாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு பற்சக்கரங்கள். இதைப் பார்த்துவிட்டு, “பழைய கடிகாரத்தை உடைச்சு ஃபெவிகால் போட்டு ஒட்டினா அதுக்குப் பேர் இலக்கியமா?” என்று நக்கலடிப்பவர்கள் ஒரு கோஷ்டி.

இன்னொரு கோஷ்டி இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு ஸ்டீம்பங்க் ஒரு தத்துவச் சுரங்கம். கடிகார இதயம் காதலிக்குமா, இரும்பு உடம்புக்குள் ஆன்மா தங்குமா, ஒருவனின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இயந்திரம் மாட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது அவன்தானா... இப்படிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். முடிவில் தவறாமல் ஒரு ஏக்கம் எட்டிப் பார்க்கும். சதை அழுகும், பித்தளை அழுகாது, ஆகவே மனிதன் இயந்திரமாகிவிட்டால் சாவே கிடையாது!

இரண்டு கோஷ்டியும் செய்வது ஒரே தப்பு. இரண்டும் பித்தளையை மட்டும் பார்க்கின்றன, பாய்லர் ரூமுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நீராவி எஞ்சின் என்று ஒன்று ஓடினால் அதன் பின்னால் வியர்த்து வழிய ஒருவன் நின்று கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நல்ல ஸ்டீம்பங்க் கதை எதை எடுத்தாலும் அது கடைசியில் வந்து நிற்பது அந்த ஆளிடம்தான். “இயந்திரத்துக்கு உயிர் உண்டா” என்பது அதன் நிஜமான கேள்வி இல்லை. “ஒருவன் சாகாமல் இருப்பதற்கு யார் செத்துக்கொண்டிருக்கிறார்கள்” என்பதுதான் கேள்வி. முதல் கேள்வியையே சுற்றிச் சுற்றி வருவது இரண்டாவதைக் கேட்காமல் தப்பிப்பதற்கு நல்ல வழி.

(எச்சரிக்கை: கீழே சில கதைகளின் முடிவுகள் போட்டு உடைக்கப்படுகின்றன. படிக்காதவர்கள் திட்டக் கூடாது :-) )

பெயர் வந்த கதை

சுருக்கமாக வரலாறு. டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக், கே. டபிள்யூ. ஜீட்டர் என்று கலிபோர்னியாவைச் சேர்ந்த மூன்று நண்பர்கள் விக்டோரியா ராணி காலத்து லண்டனை வைத்து விசித்திரக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த வகைக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று 1987ல் ‘லோகஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் ஜீட்டர் விளையாட்டாக வைத்த பெயர்தான் ஸ்டீம்பங்க். அப்போது சைபர்பங்க் கொடிகட்டிப் பறந்த காலம். கம்ப்யூட்டருக்குப் பதில் நீராவி என்பது அந்த ஜோக்.

ஆனால் ஜோக் சீக்கிரமே சீரியஸ் ஆகிவிட்டது. 1990ல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ எழுதினார்கள். சார்லஸ் பாபேஜ் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்து, முழுதாகச் செய்து முடிக்காமலே போன கணக்கு இயந்திரங்கள் அந்தக் காலத்திலேயே வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கரு. என்ன ஆகும்? எல்லோருக்கும் ஒரு எண் வந்துவிடும். துளையிட்ட அட்டைகளில் ஒவ்வொரு குடிமகனின் வாழ்க்கையும் அரசாங்கத்தின் இயந்திரத்துக்குள் போய்விடும். இயந்திரத்தில் பதிவு இருந்தால் ஆள் உண்டு, பதிவை அழித்துவிட்டால் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. நாவல் 1991ஆம் ஆண்டு லண்டனில், இயந்திரம் தன்னையே உணரத் தொடங்குவதில் முடிகிறது. வேடிக்கை என்னவென்றால் நிஜ லண்டனின் அறிவியல் அருங்காட்சியகம் பாபேஜின் இரண்டாம் எண் இயந்திரத்தின் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்ததும் அதே 1991ல்தான். நிஜ இயந்திரத்துக்குத் தன்னுணர்வு எதுவும் வரவில்லை. கைப்பிடியைச் சுற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது!

இந்த நாவலைப் படித்தவர்கள் இயந்திரம் கண் விழிக்கும் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஒரு மனிதனை அழிக்க அவனைக் கொல்லக்கூட வேண்டாம், அவனுடைய அட்டையை அழித்தால் போதும் என்று அதற்கு முன்பே நாவல் சொல்லிவிடுகிறது. அடையாளம் என்பதை ஆன்மாவைப் பற்றிய புதிராக மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

அந்தப் பொன்னான நூற்றாண்டு

ஸ்டீம்பங்க் ஏங்கித் தவிக்கிற அந்த நூற்றாண்டு எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்பது நல்லது. எட்வின் சாட்விக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1842ல் ஒரு சுகாதார அறிக்கை கொடுத்தார். மான்செஸ்டரில் வசதியானவர்கள் குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 38. தொழிலாளர் குடும்பங்களில் 17. பச்சைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே போனது என்பது உண்மைதான், ஆனால் அது ஒன்றும் ஆறுதலான விளக்கம் இல்லை. ஒரே ஊர், ஒரே புகை. ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆயுள்.

செத்த பிறகாவது சமத்துவம் வந்ததா? அதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் படிக்க உடல்கள் போதவில்லை. 1828ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை விற்றார்கள். ஊரே கொதித்தது. 1832ல் உடற்கூறுச் சட்டம் வந்தது. அது வரை தூக்கில் தொங்கிய கொலைகாரனின் உடம்புதான் சட்டப்படி கத்திக்குப் போகும். இனிமேல் ஏழைகள் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கும் உடம்பும் போகலாம். கொலைக்குத் தண்டனையாக இருந்தது வறுமைக்குத் தண்டனையாக மாறிவிட்டது.

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818லேயே வந்துவிட்டது. பிணவறையிலும் அறுவைக் கூடத்திலும் பொறுக்கிய துண்டுகளை வைத்து விக்டர் ஓர் உயிரை உண்டாக்குகிறான். 200 வருஷமாக எல்லோரும் கேட்பது “அந்தப் பிராணி மனிதனா இல்லையா” என்றுதான். அந்தக் கைகால்கள் யாருடையவை என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சாவை ஜெயிக்கப் புறப்பட்ட விக்டருக்கு மூலப்பொருள் யாரோ சிலரின் சாவு.

எட்கர் ஆலன் போ 1839ல் எழுதிய ஒரு நையாண்டிக் கதையும் உண்டு. ‘தி மேன் தட் வாஸ் யூஸ்ட் அப்’ என்று பெயர். கம்பீரமான ஒரு ஜெனரல். என்ன தோள், என்ன பல்வரிசை, என்ன குரல் என்று ஊரே வியக்கிறது. அவரைப் பற்றி ஏதோ ரகசியம் இருக்கிறது. கடைசியில் காலை வேளையில் அவர் அறைக்குப் போனால் தரையில் ஒரு மூட்டை கிடந்து பேசுகிறது. பழங்குடிகளோடு நடத்திய போரில் ஜெனரல் உடம்பையே இழந்துவிட்டார். கால், கை, தோள், பல், கண், அண்ணம் எல்லாமே மாட்டிக்கொள்வதுதான். இயந்திர மனிதக் கதைகளுக்கு இது ஒரு தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. ஜெனரலுக்கு ஒவ்வொரு உறுப்பாக மாட்டிவிட்டு அவரை ‘ஆள்’ ஆக்குவது பாம்பி என்ற கறுப்பினச் சேவகன். மாட்டிவிடும்போதே திட்டும் வாங்குகிறான். ஜெனரல் மனிதனா இயந்திரமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வாசகனுக்கு அந்த அறையில் இரண்டாவதாக ஒரு மனிதன் நிற்பது தெரிவதில்லை.

நம் ஊர்ப்பக்கம் வந்தால் கணக்கு இன்னும் மோசம். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே நேரம் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்தது. ரயில் இருந்தது, நீராவிக் கப்பலும் இருந்தது, தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் அளவுக்கு வெட்டினார் ரிச்சர்டு டெம்பிள். 1878ல் பஞ்சம் ஓய்வதற்குள் 50 லட்சத்துக்கும் மேல் மக்கள் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். விக்டோரியா ராணியின் படத்தை மாட்டி, ஆகாயக் கப்பலை மேலே பறக்கவிட்டு, “என்ன அழகான காலம்!” என்று உருகும் கதைகள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. அந்த மாதிரிக் கதைகளைப் பொறுத்தவரை முதல் கோஷ்டியின் நக்கல் நூற்றுக்கு நூறு நியாயம்.

நீதிபதி எழுதும் உடம்பு

ஆனால் எல்லாக் கதைகளும் அப்படி இல்லை. சைனா மியெவில் 2000ல் எழுதிய ‘பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்’ நாவலின் நியூ குரோபுசான் நகரத்தில் சிறையை விடப் பயங்கரமான தண்டனை ஒன்று உண்டு. குற்றவாளியைத் தண்டனைத் தொழிற்சாலைக்கு அனுப்பி உடம்பையே மாற்றிவிடுவார்கள். காலுக்குப் பதில் சக்கரம், வயிற்றில் பாய்லர், விலங்கின் உறுப்பு, என்ன வேண்டுமானாலும். இவர்களுக்கு ‘ரீமேட்’ என்று பெயர், மறுபடி செய்யப்பட்டவர்கள். குழந்தையைக் கொன்ற ஒரு பெண்ணின் முகத்தில் அந்தக் குழந்தையின் கைகளையே ஒட்டி அனுப்புகிறார் ஒரு நீதிபதி, அவள் மறக்கக் கூடாதாம். படித்தவர்கள் யாரும் இதை மறக்க மாட்டார்கள்.

“மனிதனும் இயந்திரமும் கலந்தால் புதிய அடையாளம் பிறக்கும், எல்லைகள் அழியும்” என்று இரண்டாவது கோஷ்டி கொண்டாடுகிறதே, இதோ இங்கே கலந்திருக்கிறது. எந்த எல்லை அழிந்தது? ரீமேட் மனிதர்களுக்குள் இருப்பது மனிதன்தானா என்ற சந்தேகம் அவர்களுக்கு ஒரு நிமிஷமும் வரவில்லை. ஊருக்குத்தான் வருகிறது, ஏனென்றால் அந்தச் சந்தேகம் ஊருக்கு லாபம். மனிதன் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

2004ல் வந்த ‘அயர்ன் கவுன்சில்’ நாவலில் இந்த ரீமேட் கைதிகள் ரயில் பாதை போடும் வேலைக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்படுகிறார்கள். ஒரு கட்டத்தில் கூலித் தொழிலாளர்களும் கூட வந்த பெண்களும் இவர்களும் சேர்ந்து ரயிலையே கைப்பற்றுகிறார்கள். பின்னால் இருக்கும் தண்டவாளத்தைப் பிடுங்கி முன்னால் போட்டுப் போட்டு ரயிலை ஓட்டிக்கொண்டு கம்பெனிக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறார்கள். உடம்பு பழையபடி ஆகவில்லை, பாய்லர் வயிற்றிலேயேதான் இருக்கிறது. ஆனால் அந்த பாய்லர் இப்போது யாருக்காக எரிகிறது என்பது மாறிவிட்டது. அடையாளம் மாறியது அங்கேதான்.

சாகாதவனின் வேலை

பிலிப் ரீவின் ‘மோர்டல் எஞ்சின்ஸ்’ வரிசை 2001ல் தொடங்கியது. 2018ல் வந்த படம் ஓடவில்லை, அதை வைத்து எடை போட வேண்டாம். ராட்சதச் சக்கரங்களில் உருளும் நகரங்கள் சின்ன ஊர்களை விரட்டிப் பிடித்துத் தின்னும் உலகம். அதில் ஷிரைக் என்று ஒரு ‘ஸ்டாக்கர்’ வருகிறான். செத்தவனின் உடம்பில் இரும்பும் இயந்திரமும் வைத்து எழுப்பிய சாகாத வேட்டைக்காரன். பழைய வாழ்க்கை எதுவும் நினைவில்லை. அம்மாவைப் பறிகொடுத்து, முகம் கிழிந்து கிடந்த ஹெஸ்டர் என்ற சிறுமியை அவன் எடுத்து வளர்க்கிறான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

பிறகு லண்டன் மேயர் ஒரு பேரம் பேசுகிறார். ஹெஸ்டரைக் கொன்று கொண்டுவந்தால் அவளையும் ஸ்டாக்கராக எழுப்பித் தருகிறேன் என்று. ஷிரைக் ஒப்புக்கொள்கிறான். வெறுப்பில் அல்ல, பாசத்தில்! அவளுக்கு இனி வலி இருக்காது, சாவு இருக்காது, இருவரும் என்றென்றும் சேர்ந்திருக்கலாம். சாகாவரத்தின் விளம்பரத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதில்லை. அவளைக் கேட்டாயா என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துபோகிறது.

அதே லண்டனின் அடித்தட்டில் கைதிகள் கழிவில் உழன்று வேலை செய்கிறார்கள். செத்துப்போனால் பொறியாளர்கள் அவர்கள் உடம்பை எடுத்துக்கொண்டு போய் ஸ்டாக்கர் செய்யப் பார்க்கிறார்கள். 1832ன் சட்டம் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பது போலத்தான் இருக்கிறது.

வரிசையின் கடைசிப் புத்தகத்தில் ஹெஸ்டரும் அவள் கணவன் டாமும் இறந்துபோகிறார்கள். ஷிரைக் அவர்களை எழுப்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். உடல்கள் எலும்பாகி, மரம் முளைத்து, காலம் எத்தனையோ ஓடிய பிறகு கண் விழித்து, முன்பின் தெரியாத மனிதர்களுக்கு அவர்களின் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான். சாகாதவனுக்கு உருப்படியான ஒரு வேலை உண்டென்றால் அது செத்தவர்களை நினைவு வைத்திருப்பது. அதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு நாலு புத்தகம் ஆகிறது.

காலிக் கவசத்துக்குள் யார்?

ஹிரோமு அராகவா 2001 முதல் 2010 வரை வரைந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ ஸ்டீம்பங்க்தானா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நீராவி ரயிலும் இரும்புக் கைகால்களும் இருக்கின்றன, இங்கே அது போதும். இறந்த அம்மாவை ரசவாதத்தால் எழுப்ப முயன்று இரண்டு சிறுவர்கள் தோற்கிறார்கள். அண்ணன் எட்வர்டுக்கு ஒரு கால் போகிறது. தம்பி அல்போன்ஸுக்கு முழு உடம்பும். அண்ணன் ஒரு கையையும் கொடுத்துத் தம்பியின் உயிரை ஒரு காலிக் கவசத்தில் ரத்தத்தால் எழுதிக் கட்டிவைக்கிறான். அதற்குப் பிறகு அல்போன்ஸ் பசிக்காமல், தூங்காமல், வலி தெரியாமல் நடமாடுகிறான். இரண்டாவது கோஷ்டியின் கனவு நாயகன்! அவனோ அந்த உடம்பை விட்டுத் தப்பிக்கத்தான் கதை முழுக்க அலைகிறான். ஒரு வாய் ஆப்பிள் பை சாப்பிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

ஒரு கட்டத்தில் எதிரி ஒருவன் விஷம் கலக்கிறான். “நீ நிஜமாகவே இருந்தவன்தானா? உன் நினைவுகள் எல்லாம் உன் அண்ணன் செய்து போட்டதாக இருந்தால்?” என்று. தத்துவ வகுப்பில் வருஷக்கணக்காக நடத்தக்கூடிய கேள்வி. அராகவா இதற்குத் தர்க்கத்தில் பதில் தேடவில்லை. சிநேகிதி வின்ரி ஸ்பேனரால் அல்போன்ஸ் மண்டையில் ஒன்று போடுகிறாள். “உனக்கு என் மேல் கோபமா” என்று கேட்கப் பயந்துகொண்டு உன் அண்ணன் இத்தனை நாள் தவித்தானே, அது உனக்குத் தெரியாதா என்கிறாள். பிறகு மொட்டை மாடியில் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, சின்ன வயதில் போட்ட பழைய சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, தீர்ந்தது. ஒருவன் யார் என்பதற்கு அத்தாட்சி அவனுக்குள்ளே மட்டும் இருப்பதில்லை. அவனை இழக்கப் பயப்படுகிறவர்களிடமும் கொஞ்சம் இருக்கிறது.

உடம்பைத் திரும்பப் பெறக் குறுக்கு வழியும் உண்டு, தத்துவஞானியின் கல். தேடிப் போனால் அந்தக் கல் உயிருள்ள மனிதர்களை அரைத்துச் செய்வது என்று தெரிகிறது. ஆராய்ச்சிக் கூடம் சிறைச்சாலைக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது, கைதிகளைக் கொண்டுவர வசதியாக. அந்த இடத்தில் சகோதரர்கள் எடுக்கும் முடிவுதான் கதையின் முதுகெலும்பு. அடுத்தவர் உயிரில் செய்த கல் எங்களுக்கு வேண்டாம். கடைசியில் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லும் சொந்த அப்பாவிடமும் எட்வர்ட் முடியாது என்றுதான் சொல்கிறான். விலையாகத் தன் ரசவாதத் திறமை முழுவதையும் கொடுத்துவிட்டுத் தம்பியை மீட்கிறான். எலும்பும் தோலுமாக அல்போன்ஸ் திரும்பி வருகிறான், ஒரு நாள் சாகப்போகிற உடம்போடு. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அழுது சிரிக்கிறார்கள்.

அப்படியென்றால் செயற்கைக் கால் தப்பா?

இந்த இடத்தில் நியாயமான ஒரு எதிர்ப்பு வரும். “இயந்திரம் என்றாலே சுரண்டல் என்கிறீர்களே, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? செயற்கைக் காலில் ஓடுகிறவர்களுக்கு அது விடுதலை இல்லையா?”

விடுதலைதான், சந்தேகமே இல்லை. அதே எட்வர்டின் இரும்புக் கால் கதை முடிந்த பிறகும் இரும்பாகவே இருக்கிறது, அதில் ஒரு வெட்கமும் இல்லை. நிசி ஷால் 2016ல் எழுதிய ‘எவர்ஃபேர்’ இன்னும் அழுத்தமான உதாரணம். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கீழ் 1885 முதல் 1908 வரை காங்கோவில் ரப்பருக்காக நடந்த அட்டூழியம் உலகறிந்தது. சிப்பாய்கள் செலவழித்த தோட்டாவுக்குக் கணக்கு காட்ட மனிதக் கைகளை வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஷாலின் நாவல் அதே காங்கோவில் ஒரு சுதந்திர நாட்டைக் கற்பனை செய்கிறது. அங்கே கை இழந்தவர்கள் இயந்திரக் கை மாட்டிக்கொள்கிறார்கள், ஆகாயக் கப்பல் ஓட்டுகிறார்கள், எதிர்த்துப் போர் புரிகிறார்கள்.

மியெவிலின் ரீமேட் கையும் பித்தளைதான், ஷாலின் கையும் பித்தளைதான். ஒன்று தண்டனை, இன்னொன்று விடுதலை. வித்தியாசம் உலோகத்தில் இல்லை. யார் தீர்மானித்தது, யார் செய்தது, பழுதானால் கழற்றி மாட்டும் உரிமை யாரிடம் என்பதில் இருக்கிறது. “எத்தனை சதவீதம் இயந்திரமானால் மனிதன் மனிதனில்லை” என்ற கேள்வி இந்த இரண்டு கைகளுக்கும் ஒரே பதிலைத்தான் தரும். அதனால்தான் அது உதவாத கேள்வி.

யாரையும் சுரண்டாமல் வாழ்ந்தால்?

சரி, அடிமை இல்லை, கைதி இல்லை, காலனி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதாவது இயந்திர உடம்புக்குச் சாவில்லாமல் போகுமா? இதற்கு டெட் சியாங் 2008ல் ‘எக்ஸ்ஹலேஷன்’ என்ற சிறுகதையில் பதில் எழுதியிருக்கிறார். தொப்பியும் கண்ணாடியும் இல்லாததால் சிலர் இதை ஸ்டீம்பங்க் பட்டியலில் சேர்ப்பதில்லை. பட்டியலுக்குத்தான் நஷ்டம்.

அந்த உலகத்தில் எல்லோருமே உலோக மனிதர்கள், காற்றழுத்தத்தில் ஓடுகிறவர்கள். தினமும் காலியான இரண்டு நுரையீரல்களைக் கழற்றிவிட்டு நிரப்பிய இரண்டை மாட்டிக்கொள்கிறார்கள். எந்த உறுப்பு போனாலும் மாற்றலாம். ஆனால் நுரையீரல் முழுக்கக் காலியாகிவிட்டால் திரும்பக் காற்றடைத்து எழுப்பினாலும் பழைய ஆள் வருவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆராய்ச்சியாளர் கண்ணாடிகளும் கருவிகளும் அமைத்துத் தன் மூளையைத் தானே திறந்து பார்க்கிறார். உள்ளே நினைவுகள் எங்கேயும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. மெல்லிய தங்கத் தகடுகள் ஓடும் காற்றில் மிதந்துகொண்டிருக்கின்றன, அந்த மிதப்புதான் நினைவு. காற்று நின்றால் தகடுகள் சாய்ந்துவிடும், எல்லாம் போச்சு.

அடுத்தது இன்னும் பெரிய இடி. காற்று தீர்ந்துபோவதில்லை, வெளியே சேர்கிறது. அவர்கள் விடும் ஒவ்வொரு மூச்சும் உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தைக் குறைக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் அவர்கள் ஓடுகிறார்கள். ஒருநாள் இரண்டும் சமமாகும், அன்றைக்கு எல்லோரும் நின்றுவிடுவார்கள். நினைப்பதே சாவை நோக்கி ஒரு அடி.

ஒரு வில்லன்கூட இல்லாத கதை. ஆனால் சாகாவரக் கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டுவது இதுதான். ‘நான்’ என்பது எடுத்துப் பத்திரப்படுத்தும் பொருள் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று. ஓட எரிபொருள் வேண்டும். எரிபொருள் எங்கிருந்தோ எடுத்ததாகத்தான் இருக்கும். எடுக்காமல் யாராலும் இருக்க முடியாது. எங்கிருந்து எடுத்தோம் என்று தெரிந்துகொண்டு இருக்கலாம், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் ஒரு ஆள்

இதெல்லாம் கதை, இன்றைக்கு இதற்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிஜங்கள்.

எதிர்காலத்தில் எழுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இறந்தவர்களை உறையவைக்கும் வேலை 1967ல் அமெரிக்காவில் தொடங்கியது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறை ஒன்றில் அப்படிச் சிலரை வைத்திருந்தார்கள். 1970களில் பணம் வருவது நின்றது. திரவ நைட்ரஜன் ஊற்ற ஆள் இல்லை. உடல்கள் உருகிப்போயின. கரி அள்ளிப் போடுபவன் கையை எடுத்தான், எஞ்சின் நின்றது. சியாங்கின் கதையும் இதைத்தான் சொல்கிறது.

இன்னொன்று, இறந்தவரின் பழைய மெசேஜ்களை வைத்து அவர் போலவே பேசும் நிரல்கள் இப்போது விற்பனைக்கே வந்துவிட்டன. “இது அம்மாதானா, அம்மா மாதிரியா?” என்று பட்டிமன்றம் நடக்கிறது. பேசும் இயந்திரங்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க, உலகத்தின் வக்கிரங்களை எல்லாம் படித்துப் படித்து லேபிள் ஒட்டிய கென்யா தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி கொடுக்கப்பட்டது என்று 2023 ஜனவரியில் டைம் இதழ் எழுதியது. அவர்களைப் பற்றிப் பட்டிமன்றம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

1770ல் வொல்ஃப்காங் வான் கெம்பெலன் என்பவர் செஸ் ஆடும் பொம்மை ஒன்றை வியன்னா அரண்மனையில் காட்டினார். தலைப்பாகை கட்டிய துருக்கியன் பொம்மை. பெட்டியின் கதவுகளைத் திறந்து உள்ளே இருக்கும் பற்சக்கரங்களைக் காட்டிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். 1809ல் நெப்போலியனே அதனிடம் தோற்றார். இயந்திரம் சிந்திக்குமா என்று ஐரோப்பா முழுக்க விவாதம். பற்சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு மனிதன் முடங்கி உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காய் நகர்த்திக்கொண்டிருந்தான். 2005ல் சில்லறைக் கூலிக்கு இணையத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் ஒரு சேவையை அமேசான் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘மெக்கானிக்கல் டர்க்’. அவர்களாவது ஒளிக்கவில்லை!

பற்சக்கரத்தைக் காட்டுவதே உள்ளே இருக்கும் ஆளை மறைக்கத்தான். தொப்பியில் ஒட்டிய சக்கரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களும் சரி, அதே சக்கரத்துக்கு ஆன்மா உண்டா என்று உருகுபவர்களும் சரி, கெம்பெலன் திறந்து காட்டிய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஸ்டீம்பங்க் அடுத்த கதவையும் திறக்கிறது. பாம்பி, தண்டவாளம் போடும் ரீமேட் கைதிகள், லண்டனின் அடித்தட்டில் செத்தவர்கள், கல்லாக அரைக்கப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். அடுத்த முறை எவனாவது வந்து “சாவை ஜெயித்துவிட்டோம்” என்று அறிவித்தால் அவன் மனிதனா இயந்திரமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பாய்லர் ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும்.